மூத்திரத்திலும் போலி

வெர்ன் பாட்டிலைக் குலுக்கி, காரின் முன்கண்ணாடி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தான்.

"நுரையே வரல, லொரெட்டா. அசல்னா நுரைக்கும். போன வருஷம் நான் வாங்கினது பீர் மாதிரி பொங்குச்சு."

"செயற்கை மூத்திரத்துல அசல் என்னடா அசல்?"

"நல்ல சரக்கும் இருக்கு. அதே மூடி, அதே லேபிள் போட்டு வெறும் மஞ்சத் தண்ணிய விக்கிறவனும் இருக்கான். இது லேப்ல பல்லைக் காட்டிரும்."

சித்தி மகன் வெர்ன் சொன்னதைக் கேட்டு லொரெட்டாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டொலீடோ நகரத்தில் அவளைப்போல ஃபோர்க்லிஃப்ட் சுமைவண்டி ஓட்ட ஆள் கிடையாது. அவள் வேலை பார்த்த பழைய தொழிற்சாலை மூடும்போது முதுகுவலியை மட்டும் வீட்டுக்குக் கொடுத்தனுப்பியது. ராத்திரி தூங்குவதற்குக் கஞ்சா மிட்டாய் ஒன்று. திருட்டுச் சரக்கில்லை, ஒஹையோ மாநிலச் சட்டம் அனுமதித்த கடையில் வரி கட்டி வாங்கியது. ஆனால் புதிதாக வேலை தரும் கிடங்குக்காரர்கள், சிறுநீர்ச் சோதனையில் அது தெரிந்தால் வேலை இல்லை என்கிறார்கள். வேலை இல்லையென்றால் மருத்துவக் காப்பீடு இல்லை, மகள் மேசியின் ஆஸ்துமா மருந்தும் இல்லை. நேர்காணல் செய்த மேலாளரின் வாயில் காலையிலேயே விஸ்கி வாடை. அவனுடையது மறுநாளே உடம்பைவிட்டுப் போய்விடும், இவளுடையது வாரக்கணக்கில் தங்கும். அந்த நேர்காணலிலிருந்து அவள் மிட்டாயைத் தொடவில்லை. ஒழுங்காகத் தூங்கவுமில்லை. அந்த இடைவெளி போதுமா என்று யாருக்கும் தெரியாது.

பேச்சில், சூடாக்கிக் கொண்டுவந்த பாட்டில் ஆறிவிட்டது. உடம்புச் சூடு இல்லாவிட்டால் சோதனைக் கோப்பையில் ஒட்டியிருக்கும் வெப்பம் காட்டும் பட்டையே காட்டிக்கொடுத்துவிடும். லேபுக்கு எதிரே இருந்த பெட்ரோல் பங்க் கடைக்குள் நுழைந்து மைக்ரோவேவை நோக்கிப் போனாள். அதன் கதவில் கொட்டை எழுத்தில் ஒட்டியிருந்தார்கள்: இதில் சிறுநீரைச் சூடாக்க வேண்டாம்.

"அதுல வேணாம் கண்ணு," என்றாள் கல்லாவில் இருந்த அம்மாள், தலையைத் தூக்காமல். "ஜனங்க அதுல பரிட்டோ சூடு பண்ணித் திங்கிறாங்க."

"இது என்னோடது இல்லங்க."

"எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க." பிறகு நிமிர்ந்து பார்த்தாள். "நீல மூடியா? போன வாரம் ஒரு பையன் அதை நம்பித்தான் போனான். திரும்பி வந்து என் வாசல்ல உக்காந்து அழுதான்."

லொரெட்டா பாட்டிலைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு சாலையைக் கடந்தாள். கூனிக் குறுகிப் போக வைத்துவிட்டார்களே என்று வயிறு எரிந்தது. அந்த எரிச்சலில் முதுகுவலிகூடத் தெரியவில்லை.

லேபில் ஒரு பெண் கோப்பையை நீட்டினாள். "உள்ள ஃப்ளஷ் பண்ணக்கூடாது. கைப்பையை இங்கயே வைங்க."

கழிவறைக் குழாய்க்கு நாடா ஒட்டிப் பூட்டியிருந்தார்கள். பீங்கானில் நீலச் சாயம் கலந்த தண்ணீர். குழாய்த் தண்ணீரைக் கோப்பையில் கலந்துவிடுவாளோ என்ற பயம்! இருபது வருடம் ஆள் தலைக்குமேல் டன் கணக்கில் சுமை தூக்கியவள், ஒருவர் தலையிலும் ஒரு பெட்டியைப் போட்டதில்லை. இங்கே அவளை நம்பி ஒரு குழாயைக்கூட விடவில்லை.

பாட்டிலைக் கடைசியாகக் குலுக்கிப் பார்த்தாள். ஒரு குமிழிகூட இல்லை.

"போலிக்கும் ஒரு போலி," என்று பல்லைக் கடித்தாள். "என் பொண்ணோட மூச்ச உன்னை நம்பியா விடுவேன்?"

மூடியைத் திருகி அத்தனையையும் பீங்கானில் கவிழ்த்தாள். நீலத் தண்ணீர் பச்சையாகிப் போனது. பிறகு கோப்பையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

கதவைத் திறந்து கோப்பையை நீட்டினாள். லேப் பெண் கோப்பையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். ஓரத்துப் பட்டையில், உடம்புச் சூட்டுக்கு நேராக, ஒரு பச்சைப் புள்ளி மெல்ல ஒளிர்ந்துகொண்டிருந்தது. மேலே மெல்லிய நுரை.