காற்று நிற்கும்

வள்ளியூரில் நாலுவழிச் சாலையை விட்டு ராதாபுரம் ரோட்டில் திரும்பிய கொஞ்ச நேரத்திலேயே ஸ்டியரிங் இடது பக்கமாக இழுக்க ஆரம்பித்தது. சாலையின் சரிவாக இருக்கும் என்றுதான் ரீபா முதலில் நினைத்தாள். பிறகு சத்தம் கேட்டது, ஈரத்துணியைக் கல்லில் அடிப்பது போலத் தப்தப்பென்று.

ரீபா பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. காரில் அவளோடு இருந்த நான்கு பெண்களும் அவள் பயிற்சி கொடுத்த தொடர் ஓட்ட அணி. ராதாபுரத்தில் ஒரு பள்ளி மைதானத்தில் அன்று அவர்களுக்கு இறுதி ஓட்டம். பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போகும்படிதான் தலைமை ஆசிரியை சொல்லியிருந்தார். சனிக்கிழமைக் கூட்டத்தில் வழி முழுக்க நின்றுகொண்டே போனால் பிள்ளைகளின் கால் என்னத்துக்கு ஆகும் என்று ரீபாதான் தன் காரை எடுத்தாள். பழைய கார். பைகளும் தண்ணீர்க் கேனும் பாய்களும் டிக்கிக்குள் அடங்கவில்லை. அதனால் மாற்று டயரான ஸ்டெப்னியை எடுத்து வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்திருந்தாள்.

வண்டியை நிறுத்தி இறங்கிப் பார்த்தாள். முன் இடது டயரில், தரையில் படுகிற பக்கத்தில், ஒரு ஆணியின் தலை பளபளத்தது. இரண்டு பக்கமும் பனைகளும் காற்றாலைகளும்தான். கடை என்று எதுவும் கண்ணில் படவில்லை. போனில் தேடியபோது இதே ரோட்டில் முன்னால் ஒரு பஞ்சர் கடை இருப்பதாகக் காட்டியது.

"பைய பைய வண்டிய உருட்டிட்டே போயிருவோம்," என்றாள்.

காற்றில்லாத டயரோடு அவள் உருட்டிக்கொண்டு போனது நினைத்ததைவிட அதிக தூரமாகிவிட்டது. வளைவு தாண்டினால் கடை, அடுத்த வளைவு தாண்டினால் கடை என்று போய்க்கொண்டே இருந்தாள். தகரக் கொட்டகையும் அதன் முன்னால் தொங்கிய டயரும் தெரிந்தபோது கருகிய ரப்பர் வாடை காருக்குள்ளேயே வந்துவிட்டது.

கடைக்காரர் பெயர் தாணுமாலையன். ஐம்பது வயதுக்காரர். காதில் போனை வைத்துப் பேசிக்கொண்டே வந்து ஆணியைப் பார்த்தார்.

"ஒண்ணுமில்ல டீச்சர். ஒரு திரி சொருகுனா சரியாப் போயிரும்."

ஆணியைப் பிடுங்கி ஓட்டைக்குள் ரப்பர் திரியைச் சொருகிக் காற்றடித்தார். காற்று நிற்கவில்லை. ஆணி சாய்வாக ஏறியிருக்கிறது, உள்ளே இருந்து ஒட்ட வேண்டும் என்று சொல்லிச் சக்கரத்தைக் கழற்றி, டயரை ரிம்மிலிருந்து பிரித்தார். டயரை நிமிர்த்தியபோது உள்ளேயிருந்து கறுப்பாக ஏதோ கொட்டியது. ரீபா குனிந்து கையில் எடுத்தாள். ரவை ரவையாக ரப்பர் தூள்.

"என்ன அண்ணாச்சி இது?"

"காத்தில்லாம ஓட்டிட்டு வந்துட்டீங்கள்லா. பக்கவாட்டுல உரசி உரசி மாவாயிருக்கு."

ரீபா கையை உள்ளே விட்டுத் தடவினாள். டயரின் பக்கச் சுவரில் சுற்றிலும் ஒரு வரி சொரசொரப்பாக இருந்தது. ஓரிடத்தில் நூல் விரலில் பட்டது. வெளியே இருந்து பார்த்தால் டயர் நன்றாகத்தான் இருந்தது.

"இத ஒட்டுனா போவுமா?"

"உள்ள ஒட்டுப் போட்டுத் தாரேன். காத்து நிக்கும்."

"காத்து நிக்கும், சரி. டயர் நிக்குமா?"

தாணுமாலையன் போனைச் சட்டைப் பையில் போட்டார். "அத நான் எப்படிச் சொல்ல? இப்படி ஒட்டிட்டுப் போறவங்க போறாங்க. சிலது வருசக்கணக்கா ஓடுது. சிலது வழியிலயே விட்டுருது. புதுசு போட்டா கவலை இல்ல. எங்கிட்ட புது டயர் கெடையாது. வள்ளியூர்ல அசன் மைதீன் கடையில கேட்டுப் பாருங்க."

அவர் கொடுத்த எண்ணுக்கு ரீபா பேசினாள். இந்த அளவு கைவசம் இல்லை, திருநெல்வேலியிலிருந்து வரவேண்டும், நாளை மதியத்துக்குள் வந்துவிடும் என்றார் அசன் மைதீன். அவளுக்கென்று ஒன்று எடுத்து வைக்கச் சொன்னாள்.

அடுத்து கணவன் சுஜினுக்குப் போன் செய்தாள். அவன் முழுதும் கேட்டான்.

"ஆணி நடுவுலதான குத்தியிருக்கு? அதுக்குப் போயி யாராவது டயரை மாத்துவாங்களா? ஒட்டிட்டுப் போ ரீபா. வேகமாப் போவாத, அவ்வளவுதான்."

"உள்ள நூல் தெரியுதுங்க. நாலு பிள்ளைய கூட்டிட்டு வந்திருக்கேன்."

"அந்த ஆளே காத்து நிக்கும்னு சொல்லுதாருல்ல. எந்தக் கடை? போர்டை போட்டோ எடுத்து அனுப்பு."

அனுப்பினாள். பெண்கள் நான்கு பேரும் கொட்டகையின் நிழலில் நின்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அணியில் கடைசியாக ஓடுகிறவள் மீனு. பன்னிரண்டாம் வகுப்பு. அவளுக்கு இதுதான் கடைசி வருடம். அவள்தான் முதலில் பேசினாள்.

"ஒட்டிருங்க டீச்சர். மெதுவா போவோம். இப்ப கெளம்புனாகூட உடம்பைச் சூடுபண்ண நேரம் இருக்கும்."

ரீபா ரோட்டைப் பார்த்தாள். ராதாபுரத்துக்கு இன்னும் பதினைந்து நிமிடம் வண்டி ஓட்டினால் போதும். ஒட்டினால் போய்விடலாம் என்பதற்குத்தான் வாய்ப்பு அதிகம். அது அவளுக்கும் தெரிந்தே இருந்தது. ஆனால் எதிரே ஒரு லாரி வரும்போது அந்தச் சுவர் விட்டால் என்ன ஆகும் என்பதும் தெரிந்தது. முன் சக்கரம் வேறு. கையில் ஒட்டியிருந்த கறுப்புத் தூளைத் தட்டினாள். அது போகவில்லை. பேன்ட்டில் துடைத்துக்கொண்டாள்.

"யாரும் கார்ல ஏறப் போறதில்ல. பையை எடுங்க. பஸ்ல போறோம்."

"டீச்சர், பஸ் எப்ப வரும்னே தெரியாது."

"வரும்போது ஏறுவோம். அண்ணாச்சி, டயர் அப்படியே கெடக்கட்டும். ஒட்ட வேண்டாம். வண்டி இங்கன நிக்கட்டும், சாயங்காலம் வாறேன்."

ஜாக்கி மேல் ஒரு பக்கம் தூக்கி நின்ற காரை அப்படியே விட்டுவிட்டு ஐந்து பேரும் ரோட்டோரம் வந்து நின்றார்கள். பஸ் சீக்கிரம் வரவில்லை. வந்தபோது உட்கார இடமும் இல்லை. உவரிக்காரப் பெண்கள் சிலர் காலி மீன் கூடைகளோடு படி வரைக்கும் நின்றிருந்தார்கள். மீனு கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தபடியே வந்தாள். ரீபா பக்கம் திரும்பவே இல்லை.

மைதானத்துக்குள் அவர்கள் ஓடி நுழைந்தபோது அணிகளின் பெயரைக் கூப்பிட்டு முடித்துவிட்டார்கள். ரீபா நடுவரிடம் போய் நின்றாள். பஞ்சரைச் சொன்னாள், பஸ்ஸைச் சொன்னாள். அவர் கடிகாரத்தைக் காட்டினார். அவள் நகரவில்லை. "மத்த அணி இன்னும் கோட்டுல நிக்கல சார். எங்க பிள்ளைங்க இங்க நிக்குது. ஓட விடுங்க," என்று அதையே மறுபடியும் மறுபடியும் குரல் உயர்த்தாமல் சொன்னாள். கடைசியில் அவர் பேனாவை எடுத்துப் பெயரைச் சேர்த்தார்.

உடம்பைச் சூடுபண்ண நேரமில்லை. ஷூ மாற்றியதும் ஓடத்தான் முடிந்தது. மூன்றாவதாக ஓடிய பெண்ணுக்குப் பாதியில் ஆடுசதை பிடித்துக்கொண்டது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு வந்து மீனுவின் கையில் குச்சியைக் கொடுத்தபோது அணி நான்காவதாக இருந்தது. மீனு இரண்டு பேரைத் தாண்டினாள். மூன்றாவது ஆளின் தோளைத் தொடுகிற தூரத்தில் கோடு வந்துவிட்டது.

இரண்டாம் இடம். அடுத்த போட்டிக்கு முதல் அணிக்கு மட்டுமே வாய்ப்பு.

மீனு குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். ரீபா துண்டை நீட்டினாள்.

"கார்ல வந்திருந்தா ஜெயிச்சிருப்போம் டீச்சர்," என்றாள் மீனு. அழவில்லை. நடந்ததைச் சொல்வது போலச் சொன்னாள்.

"ஜெயிச்சிருக்கலாம்," என்றாள் ரீபா.

"அந்த டயரு ஒண்ணும் ஆயிருக்காது."

"ஆகாமலும் இருந்திருக்கலாம். எனக்குத் தெரியாது மீனு. உன் கோவம் ஞாயம்தான். ஆனா திரும்பவும் காலையில மாதிரி நின்னாலும் நான் அதையேதான் செய்வேன்."

மீனு துண்டை வாங்கிக்கொண்டாள்.

சாயங்காலம் வள்ளியூர் பஸ்ஸில் வந்து பஞ்சர் கடை முன்னால் இறங்கியபோது கார் நான்கு சக்கரத்திலும் நின்றுகொண்டிருந்தது. ஜாக்கியைக் காணவில்லை. முன் இடது டயர் கழுவித் துடைத்து விறைப்பாக இருந்தது.

"சார் போன் பண்ணுனாரு," என்றார் தாணுமாலையன். "வீட்டுக்காரரு. ஒட்டி மாட்டிரச் சொன்னாரு. மத்தியானமே மாட்டிட்டேன். இந்தா பாருங்க, பொட்டுக் காத்து எறங்கல."

ரீபாவுக்கு முகம் சுட்டது. அவரிடம் கோபித்துப் பயனில்லை. காலையிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. ஒரு பெண் நொண்டிக்கொண்டிருந்தாள். கார் கதவைத் திறந்தாள். உள்ளேயிருந்து வெயிலில் கிடந்த சீட்டின் சூடு வந்தது. ஏறினால் இருட்டுவதற்குள் பாளையங்கோட்டை. மத்தியானத்திலிருந்து காற்று இறங்கவும் இல்லை. திறந்த கதவைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றாள்.

பிறகு கதவைச் சாத்திவிட்டு டயரின் பக்கத்தில் உட்கார்ந்தாள். வெளியே ஒரு கீறல்கூட இல்லை.

"கழத்திருங்க அண்ணாச்சி."

"டீச்சர், காத்து நிக்குது."

"நிக்கட்டும். கழத்தித் தனியா வச்சிருங்க. நாளைக்குப் புது டயரோட வாறேன். உங்க கூலியை வாங்கிக்கோங்க. அதுல கொறை வைக்க மாட்டேன்."

நொண்டிய பெண் முனகினாள். "இன்னும் ரெண்டு பஸ் மாறணுமா டீச்சர்?"

பதில் மீனுவிடமிருந்து வந்தது. "காலையில டீச்சர் நம்மள எறக்கி விட்டாங்க. இப்ப அதே டயர்ல ஏறுனா நாம பஸ்ஸுல நின்னு போனது எதுக்குடி?" இப்படிச் சொல்லிவிட்டு டிக்கியிலிருந்து தண்ணீர்க் கேனை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். ரீபாவைப் பார்க்காமலேயே ரோட்டோரத்துக்குப் போய்ப் பஸ் வரும் பக்கம் பார்த்து நின்றாள். நொண்டிய பெண்ணை ரீபா கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு போனாள்.

நான்கு பேரையும் அவரவர் வீட்டில் விட்டுவிட்டு ரீபா வீடு சேர்ந்தபோது சுஜின் வாசலிலேயே உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் ஸ்டெப்னி கிடந்தது.

"இதையாவது எடுத்துட்டு வரச் சொல்லியிருக்கலாம்ல. நான் பைக்குல வச்சிக் கொண்டாந்திருப்பேன்."

"அது வழவழன்னு தேஞ்சு போயில்லா கெடக்கு. அதையும் மாத்தணும்னு போன மாசமே சொன்னேன். நீங்கதான் கெடக்கட்டும்னீங்க." அவள் செருப்பைக் கழற்றினாள். "எங்கிட்டக் கேக்காம ஒட்டச் சொன்னது தப்பு."

"நீ அலையுதியேன்னுதான் சொன்னேன்."

"அது தெரியும். ஆனா வண்டியில இருந்தது நான். பிள்ளைங்க என் பொறுப்பு. வேண்டாம்னு நான் சொன்னா அது வேண்டாம்தான்."

சுஜின் எழுந்து ஸ்டெப்னியை ஓரமாக நகர்த்தினான். மறுநாள் கோயிலில் ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது, "நானும் வாறேன். நீ டயரைத் தூக்கிட்டு அலைய வேண்டாம்," என்றான்.

வள்ளியூரில் அசன் மைதீன் எடுத்து வைத்திருந்த டயரைச் சுஜினே உருட்டிக்கொண்டு வந்து ஆட்டோவில் ஏற்றினான். பஞ்சர் கடையில் தாணுமாலையன் பழைய டயரை ரிம்மிலிருந்து பிரித்துக் கீழே போட்டார். சுஜின் அதன் பக்கத்தில் குந்தி உள்ளே கைவிட்டான். ஒட்டுப் போட்ட இடம் கெட்டியாக இருந்தது. அதிலிருந்து விலகிப் பக்கச் சுவரைத் தடவிக்கொண்டே போன கை ஓரிடத்தில் நின்றது. கட்டைவிரலால் அழுத்தினான். அந்த இடம் பழந்துணி போலக் குழிந்தது.

"இவ்வளவு மோசமா இருக்குன்னு நீ சொல்லலியே."

"நூல் தெரியுதுன்னு சொன்னேன்," என்றாள் ரீபா.

அவன் கையை வெளியே எடுத்துப் பார்த்தான். விரல் நுனிகள் கறுத்திருந்தன.

புது டயரை மாட்டிக் காற்றடித்து நட்டுகளை முறுக்கியதும் தாணுமாலையன் பழைய டயரைக் காலால் ஒதுக்கினார். "இது இங்கன கெடக்கட்டும் டீச்சர். நல்ல ஒட்டு. அவசரத்துக்கு யாராவது கேட்டா குடுத்துருவேன்."

காரில் ஏறப் போன ரீபா நின்றாள்.

"வேண்டாம் அண்ணாச்சி. வெட்டிருங்க."

"வெட்டிட்டா ஒண்ணுக்கும் ஆவாதே."

"அதுக்குத்தான் சொல்லுதேன்."

அவர் சுஜினைப் பார்த்தார். சுஜின் எழுந்து, "ரம்பம் எங்க இருக்கு? நான் பிடிச்சுக்கிடுதேன், நீங்க அறுங்க," என்றான்.

ரப்பர் லேசில் அறுபடவில்லை. இரண்டு பேருக்கும் வேர்த்து ஊற்றியது. பக்கச் சுவர் முழுதாகப் பிளந்து டயர் தரையில் தொய்ந்து விழும் வரைக்கும் ரீபா பக்கத்திலேயே நின்றாள். அதன் பிறகு காரில் ஏறி எஞ்சினைக் கிளப்பினாள். சுஜின் கையைக் கழுவிவிட்டு வந்து அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். கார் வள்ளியூர்ப் பக்கம் திரும்பியது.