வேதக்காரியும் ஒரு துணைக்காலும்

1

இந்தக் கதை ஒரு டீக்கடையில் காதில் விழுந்த பேச்சிலிருந்து வந்தது. முத்தாண்டிக்குப்பத்தில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். பக்கத்தில் ஒருவர் செல்போனில் சொன்னார்: "வூடு கேட்டு வந்தவங்க வேதக்காரங்களாம். யோசிச்சிக்கினு இருக்கேன்." இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் கோபத்தைத் தவிர என்னிடம் வேறு சரக்கு இல்லை.

2

முதல் வரி: 'நெய்வேலியின் புகைபோக்கிகளுக்குப் பின்னால் சூரியன் மெல்ல...'

வேண்டாம். சூரியன் தன் ஷிப்டைப் பார்க்கட்டும். இப்படித் தொடங்குகிறேன்.

மாரியம்மாள் மைன்ஸில் பர்மனென்ட்டாக இருந்து ஓய்வு பெற்றவள். புருஷன் இல்லை. குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். கூட வேலை பார்த்த கொளஞ்சிநாதன் (டீக்கடையில் செல்போனில் பேசியவருக்கு நான் வைத்த பேர்) முத்தாண்டிக்குப்பத்தில் மாடி கட்டியிருந்தார். "உனக்கில்லாத வூடா?" என்று அவரே கூப்பிட்டார். சமையலறை ஜன்னலைத் திறந்தால் முந்திரித் தோப்பு. காலமெல்லாம் கரித்தூளைத் துடைத்தவளுக்கு அந்த ஜன்னலே போதும் என்றாகிவிட்டது.

பால் காய்ச்ச நாள் பார்க்கும்போதுதான் அவர் குரலைத் தணித்தார்.

"எனக்கொண்ணும் இல்ல மாரியம்மா. வருஷா வருஷம் நீ குடுத்த கிறிஸ்மஸ் பிரியாணிய துன்னவன்தான் நான். தெருவுல யாராச்சும் கேட்டா வேதம்னு மட்டும் சொல்லிக்காத. உம் பேருதான் தோதா இருக்குதே."

3

(கொஞ்சம் அகராதி. பொறுமையில்லாதவர்கள் தாண்டிப் போகலாம். ஆனால் அதுவரை அவள் அங்கே நின்றுகொண்டுதான் இருப்பாள்.)

கடை வைத்திருப்பவர் கடைக்காரர், வீடு வைத்திருப்பவர் வீட்டுக்காரர். கிறிஸ்தவர்கள் தங்கள் மறைநூலை வேதம் என்றார்கள்; அதை வைத்திருந்தவர்களை ஊர் வேதக்காரர் என்றது. அவர்கள் கோயில் வேதக்கோயில். சொல் பிறந்த கதை இவ்வளவுதான். ஆனால் இந்தப் பக்கம் அந்தச் சொல்லைச் சொன்னால் மதம் மட்டும் கேட்பதில்லை. நீ எந்தத் தெரு, ஊரா காலனியா என்பதும் சேர்ந்து காதில் கேட்கிறது.

[வேடிக்கையைப் பாருங்கள். வேதம் காதில் விழவே கூடாது என்று யாரைத் தள்ளி வைத்தார்களோ, அவர்களையே வேதத்துக்குச் சொந்தக்காரர் என்று கூப்பிட்டிருக்கிறது ஊர். யோசித்திருந்தால் அந்தப் பேரைக் கொடுத்திருக்காது.]

4

இதையெல்லாம் அவள் வாயில் வைத்து ஒரு பக்கம் எழுதினேன். 'அண்ணே, வேதம் என்னும் சொல்லின் வேரைப் பார்த்தால்...' அடித்துவிட்டேன். கிடைத்த வீடு கைநழுவும்போது யாராவது பிரசங்கம் பண்ணுவார்களா? அவள் சொன்னது இதுதான்:

"எம் பேரு தோதாவெல்லாம் இல்லண்ணே. எங்கம்மா வெச்சது மரியம்மா. பள்ளிக்கூடத்து வாத்தியாரு ஒரு காலு போட்டு மாரியம்மா ஆக்கிட்டாரு. நீங்களும் அப்டியே கூப்ட்டீங்க, போனாப் போவுதுன்னு வுட்டுட்டேன். இப்ப அந்தக் காலுக்குப் பின்னால ஒளிஞ்சிக்கினு குடியிருக்கச் சொல்றீங்க. ஒளியறதுக்கு வூடு எதுக்குண்ணே? நான் வேதக்காரி. கேட்டாலும் சொல்லுவேன், கேக்காட்டியும் சொல்லுவேன்."

(எனக்கும் சேர்த்துத்தான் சொன்னாள். மேலே 'மாரியம்மாள்' என்று நான் எழுதிய இடத்தில் துணைக்காலை நீங்களே அடித்துவிடுங்கள்.)

5

முடிவு அ: கொளஞ்சிநாதன் தலைகுனிந்து சாவியை... அவரை எனக்குத் தெரியும், குனிய மாட்டார்.

முடிவு ஆ: மரியம்மாள் குள்ளஞ்சாவடியில் வேறு வீடு பார்க்கிறாள். அங்கேயும் பேரைக் கேட்டுவிட்டு அடுத்த கேள்விக்குத் தொண்டையைச் செருமுகிறார்கள்.

இரண்டையும் கிழித்தாயிற்று. அவளுக்குச் சமாதானமான ஒரு முடிவைக் கொடுத்து உங்களை நிம்மதியாகத் தூங்க வைக்க எனக்கு இஷ்டமில்லை.

சாவி இந்தாருங்கள். வீட்டுக்காரர் இனி நீங்கள்தான். மரியம்மாள் பால் பாத்திரத்தோடு உங்கள் வாசலுக்கு வந்துவிட்டாள். பேர் கேளுங்கள், சொல்வாள். அதற்கு மேல் என்ன கேட்கப்போகிறீர்கள் என்று உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள், துணைக்கால் இல்லாமலே.