பயனாளிக்கான நாற்காலி

அந்தச் சலவைக்கூடத்தில் ஜன்னலோரம் ஒரு நாற்காலி கிடந்தது. சாதாரண நாட்களில் அதில் யாரும் உட்காருவதில்லை. மடித்த தலையணை உறைகளை அடுக்கத்தான் அது. நலத்துறையிலிருந்து ஆள் வருகிறார்கள் என்று தெரிந்தால் மட்டும் உறைகள் இறங்கும். தம்பி போய் அதில் உட்காருவான்.

தம்பி என்றால் அக்காவின் கூடப்பிறந்த தம்பி. அக்கா என்றால் அந்தக் கூடத்தை ஆரம்பித்து நடத்துகிறவள். அங்கே வேலை செய்கிற அத்தனை பேருக்கும் அவள் அக்காதான், அவன் தம்பிதான். அவளைவிட எவ்வளவோ மூத்த வாத்தியாருக்குக்கூட அக்காதான். வாத்தியார் ஒரு காலத்தில் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். நடுவில் மனசு பிசகி, வருஷக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்து தேறியவர். அங்கிருந்த எல்லோருமே அப்படித் தேறி வந்தவர்கள்தான். வெளியே எங்கே வேலை கேட்டாலும் 'சொல்லி அனுப்புகிறோம்' என்பார்கள். சொல்லி அனுப்பியவர் ஒருவரும் இல்லை. அதனால்தான் அக்கா கடனோ உடனோ வாங்கி இயந்திரங்களைப் போட்டு, அரசு ஆஸ்பத்திரியின் துணியை வெளுத்துக் கொடுக்கும் வேலையைப் பிடித்தாள்.

பிடித்தது பெரிதில்லை. அதை விடாமல் வைத்திருப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. நலத்துறை பாதிச் சம்பளம் தந்தது. இவர்களால் தனியாகப் பிழைக்க முடியாது என்பதற்காகத் தந்தது. ஒருவர் நன்றாகத் தேறிவிட்டார் என்றால் அவர் பயனாளி இல்லை, கூடத்தை விட்டு அனுப்பிவிட வேண்டும். ஆஸ்பத்திரி நிர்வாகமோ, கொதிநீரும் துணி தேய்க்கும் சூடான உருளையும் இருக்கிற இடத்தில் முழுசாகத் தேறியவர்கள்தான் நிற்க வேண்டும் என்றது. இரண்டும் ஒரே அரசாங்கம். இரண்டு அலுவலகமும் ஒரே கட்டடத்தில், ஒன்றின் தலைமேல் ஒன்றாக இருந்தன. அக்கா கீழே நலத்துறைக்குப் போய் இவர்களை நோயாளிகள் என்பாள். படியேறி மேலே போய்க் கைதேர்ந்தவர்கள் என்பாள். மூச்சு வாங்குவது படியால்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள்.

நாற்காலி முளைத்தது அப்படித்தான். வருகிற நலத்துறை அம்மாளின் கண்ணுக்கு ஒருவராவது முடியாதவராகத் தெரிய வேண்டும். அடுத்தவர் பெற்ற பிள்ளையிடம் போய், கொஞ்ச நேரம் பழையபடி இரு என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. சொந்தத் தம்பியிடம் கேட்டாள். அவன் மறுபேச்சுப் பேசவில்லை.

அவனுக்கு அது பழகிய இடம். முன்பு வீட்டில் இப்படித்தான் ஒரு ஜன்னலோரம் உட்கார்ந்து வருஷங்களைக் கழித்தான். குளிக்கச் சொன்னால் காதில் விழாது. வைத்த சாப்பாடு வைத்தபடி ஆறிப்போகும். கட்டைவிரலால் முழங்காலைத் தேய்த்துத் தேய்த்துக் கால்சட்டை அந்த இடத்தில் நைந்துவிடும். கூடம் ஆரம்பித்த புதிதில் ஒரு துண்டை மடிக்க அரை நாள் எடுத்துக்கொண்டவன், இப்போது உருளை இஸ்திரியைத் தனியாளாக ஓட்டினான். உருளை போதுமான அளவு சூடேறிவிட்டதா என்று அதன் சத்தத்தை வைத்தே சொல்வான். அவன் அதன் முன்னால் நிற்பதைப் பார்ப்பதைவிடப் பெரிய சந்தோஷம் அக்காவுக்கு உலகத்தில் வேறு இல்லை. ஆனாலும் ஆள் வருகிறார்கள் என்றால் உட்கார வைத்தாள்.

போன தடவை நலத்துறை அம்மாள் அவன் பக்கத்தில் வந்து நின்று கண் கலங்கினாள். அவள் வண்டி போன பிறகும் தம்பி எழுந்திருக்கவில்லை. அக்கா திரும்பத் திரும்பக் கூப்பிட்ட பிறகுதான் எழுந்தான்.

"என்னடா?"

"ஒண்ணும் இல்லக்கா."

அவளுக்கு வேலை தலைக்கு மேல் கிடந்தது. அதோடு விட்டுவிட்டாள்.

ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் முன் கூடத்தை நேரில் பார்க்க ஆஸ்பத்திரி நிர்வாக அதிகாரி வருவதாக ஒரு நாள் சேதி வந்தது. தரையைக் கழுவி, ஆளுக்கொரு ஜோடி கையுறை மாட்டி, எல்லோரும் தயாராக நின்றார்கள். சொன்ன நேரத்துக்கு அதிகாரி வந்தார். அவருக்குப் பின்னாலேயே நலத்துறை அம்மாளும் உள்ளே வந்தாள்.

"அடுத்த வாரம் வர்றதா இருந்தேன். இந்தப் பக்கம் ஒரு வேலை, அப்படியே பார்த்துட்டுப் போயிடலாம்னு வந்தா, வாசல்ல சார் நிக்கறார்" என்றாள்.



வாத்தியார் பாவம், நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டார். அம்மாளைப் பார்த்ததும் அவர் கை தன்னால் போய் நாற்காலியிலிருந்து உறைகளை இறக்க ஆரம்பித்தது. தம்பி அதைப் பார்த்தான். இஸ்திரியை நிறுத்தினான். நாற்காலிக்கும் இயந்திரத்துக்கும் நடுவில் வந்து நின்றான்.

"அக்கா, இன்னிக்கு நான் நல்லா இருக்கணுமா, முடியாம இருக்கணுமா?"

அதை அவன் ரகசியமாகவும் கேட்கவில்லை, கேலியாகவும் கேட்கவில்லை. எந்தத் துணியை முதலில் போடுவது என்று கேட்கிற குரலில் கேட்டான்.

விளையாட்டுக்குச் சொல்கிறான் என்று ஒரு பொய் அக்காவின் நாக்கு நுனிவரை வந்தது. அதற்குள் நலத்துறை அம்மாளின் முகம் வாடிவிட்டது.

"அப்ப போன தடவை நான் பார்த்தது நடிப்பா?"

தம்பி அவளை நிமிர்ந்து பார்த்தான்.

"நடிக்கலாம்னுதான் உட்கார்ந்தேன் மேடம். உட்கார்ந்த பிறகு நிஜமாயிடுச்சு. எழுந்திருக்கணும்னு தெரியுது, கால் வரல. அக்கா கூப்பிட்டது எங்கயோ தூரத்துல கேட்டுது. ஒவ்வொரு தடவையும் திரும்பி வர்றதுக்கு முன்னவிட நேரமாகுது. ஒரு நாள் வராமலே போயிடுவேனோன்னு பயமா இருக்கு."

இதை அவன் அக்காவிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை. தன் கையால் தூக்கி நிறுத்தியவனைத் தன் கையாலேயே திரும்பக் கொண்டுபோய் அதே இடத்தில் உட்கார வைத்திருக்கிறாள். அவன் உரிமைப்பட்டவன் என்பதால்தான் அவனைக் கேட்டாள். உரிமை என்ற பேரில் இதைச் செய்துவிட்டோமே என்று இருந்தது.

வாத்தியார் கையிலிருந்த உறைகளை வாங்கினாள். நாற்காலியில் திரும்ப அடுக்கினாள்.

"நீ போய் மெஷினைப் பாருடா. ஆபரேஷன் தியேட்டர் துணி காத்திட்டிருக்கு."

அவன் போனான். உருளை சுழலும் சத்தம் எழுந்ததும் அவள் இருவரையும் பார்த்துப் பேசினாள்.

"இவன் என் தம்பி. இங்க நின்னா நல்லா இருக்கான் சார். இங்கருந்து அனுப்பிட்டா முடியாமப் போயிடுவான் மேடம். ரெண்டும் உண்மை."

"சந்தோஷம்தாம்மா. ஆனா இவ்வளவு வேலை செய்யறவரை நான் எப்படிப் பயனாளின்னு சொல்றது?" என்றாள் நலத்துறை அம்மாள்.

"இவ்வளவு பயப்படறவரை நான் எப்படி அந்த மெஷின் கிட்ட நிக்க விடறது?" என்றார் அதிகாரி.

"ஒரே ஆளைப் பத்தித்தான் ரெண்டு பேரும் சொல்றீங்க" என்றாள் அக்கா. "நீங்க ரெண்டு பேரும் ஒரே அரசாங்கம்தானே. உங்களுக்குள்ள பேசி ஒரு வழி சொல்லுங்க. கீழ ஒரு கதை மேல ஒரு கதைன்னு இனிமே நான் படியேற மாட்டேன்."

அம்மாளால் நலத்துறை விதியை மாற்ற முடியாது, அதிகாரியால் ஆஸ்பத்திரி விதியை மாற்ற முடியாது. இருவருமே கெட்டவர்கள் இல்லை. மேலிடத்தில் பேசிவிட்டுச் சொல்கிறோம் என்றார்கள். ஒரே இடத்துக்குப் போகிற இருவரும் தனித்தனி வண்டியில் ஏறினார்கள்.

மேலிடத்தில் என்ன பேசுவார்கள் என்று அக்காவுக்குத் தெரியாமல் இல்லை. இரண்டு கதவும் ஒன்றாகவே சாத்திக்கொள்ளலாம். வாத்தியாரை, மற்றவர்களை, இவனை எங்கே கொண்டுபோய் நிறுத்துவது? பக்கத்தில் இருந்தது அந்த நாற்காலிதான். உறைகளை மடியில் வாரி வைத்துக்கொண்டு அதில் உட்கார்ந்தாள். ஜன்னலுக்கு வெளியே காலி வாசலைப் பார்த்தபடியே இருந்தாள். யாரோ கூப்பிட்ட மாதிரி இருந்தது. திரும்பிப் பார்க்கத் தோன்றவில்லை.

தோளில் ஒரு கை விழுந்தது. தம்பி நின்றுகொண்டிருந்தான்.

"எழுந்திரு அக்கா. இதுல ரொம்ப நேரம் உட்காராத."

கையை நீட்டினான். இஸ்திரிச் சூட்டில் அது கதகதப்பாக இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு அவள் எழுந்தாள்.