மண்ணுப் பெட்டி டீச்சர்

“சைபரா? பன்னெண்டு வருசமா நிலக்கரி மைன்ஸ்ல மண்ணு வெட்டறேன், எனக்கே சைபரா?”

தங்கராசு போட்ட சத்தம் பள்ளிக்கூட மைதானத்தைத் தாண்டி எங்கள் குவார்ட்டர்ஸ் பிளாக் வரை கேட்டது.

“வெட்டச் சொன்னது யாருங்க? ஸ்பூனால சுரண்டத்தான் சொன்னேன்” என்றாள் மேரிசெல்வி டீச்சர்.

“அடியில கெடந்த பானை ஓட்டை ரெண்டு நிமிசத்துல எடுத்துக் குடுத்தனா இல்லையா?”

“மேல இருந்ததையெல்லாம் வாரிக் கொட்டிட்டு எடுத்தீங்க. எது எந்த அடுக்குல இருந்துச்சுன்னு இனிமே யாருக்குத் தெரியும்?”

“மேல்மண்ணை வாராம அடிச்சரக்கை எப்படிம்மா எடுக்கறது? மைன்ஸுக்கு வந்து பாரு!”

கூட வந்த ஷிஃப்ட் ஆட்கள் நாலு பேரும் “அதானே” என்றார்கள்.

எண்பத்து மூன்றாம் வருஷத்துப் பள்ளிக் கண்காட்சி அது. மேரிசெல்வி ஒரு பெரிய மரப்பெட்டியில் அடியில் கரிசல், நடுவில் செம்மண், மேலே மணல் என்று அடுக்கி, கரிசலில் பானை ஓடு, செம்மண்ணில் வளையல் துண்டு, மணலில் சோடா மூடி புதைத்து வைத்திருந்தாள். பழைய காலத்தை மண்ணுக்குள்ளிருந்து எப்படிப் படிக்கிறார்கள் என்று ஜனங்களுக்குக் காட்டும் விளையாட்டாம். பொருளை எடுத்தால் மார்க் கிடையாது. எந்த அடுக்கில் கிடைத்தது என்று சீட்டில் எழுதினால்தான் மார்க்.

இந்த விதியை மட்டும் தங்கராசுவிடம் சொல்லவில்லை அவன் தங்கை புஷ்பவல்லி. அவளும் அதே பள்ளியில் தற்காலிக டீச்சர்தான். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு பெர்மனெண்ட் இடம். கண்காட்சியில் யார் கூட்டம் சேர்க்கிறார்களோ அவர்களுக்கே என்று தலைமையாசிரியை ஜாடையாகச் சொல்லியிருந்தார். புஷ்பவல்லி நாலு வர்ணத்தில் ராஜாக்களின் வம்சப் படம் எழுதி ஜரிகைத்தாள் ஒட்டியிருந்தாள். அதன் முன்னால் நின்ற ஒரே மனிதர் செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தார்.

“அண்ணே, ஸ்கூல்ல மண்ணு எடுக்கற போட்டியாம். உன் செட்டைக் கூட்டிக்கினு போ. பானையைச் சீக்கிரம் எடுக்கறவங்கதான் கெட்டி” என்று அவள் ஏற்றிவிட்டதை என் காதால் கேட்டேன். பக்கத்து வீடுதானே, கறிவேப்பிலை கேட்க அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன்.

பெட்டி கலைந்தது. புஷ்பவல்லி முந்தானைக்குள் சிரித்தாள். ஆனால் மைன்ஸ்காரன் சைபர் வாங்கிக்கொண்டு சும்மா இருப்பானா? மேரிசெல்வி ராவோடு ராவாகத் திரும்ப அடுக்கி வைத்தாள். மறுநாள் தங்கராசு தலைவாரிக்கொண்டு வந்து, “இன்னொரு சான்ஸ் குடுங்க டீச்சர்” என்றான். பத்துக்கு ஒன்பது வாங்கினான். அதைக் கேள்விப்பட்டு ஷிஃப்ட் முடிந்த மற்றவர்கள் வந்தார்கள். வீட்டில் ஒரு டம்ளரைக் கழுவாத புருஷன் பிரஷ்ஷால் பானை ஓட்டைத் துடைக்கிறானே என்று பார்க்கப் பெண்டாட்டிகள் வந்தார்கள். வரிசை கேட்டுக்கு வெளியே போயிற்று.

வேலை மேரிசெல்விக்கு.

புஷ்பவல்லி இரண்டு நாள் சாப்பிடவில்லை. வாயுத் தொல்லை என்றாள். “வந்த கூட்டம் பூரா எங்க அண்ணன் ஆளுங்கதானேக்கா? அப்ப அந்த வேலை யாருக்கு வரணும்?” என்று என்னிடம் கேட்டாள். நியாயம்தான் என்றேன். அதில் எனக்கென்ன செலவு?

மறுவருஷம் மேரிசெல்வி ரயில்வே சேவியர்ராஜைக் கட்டிக்கொண்டு விழுப்புரம் போய்விட்டாள். காலியான இடம் புஷ்பவல்லிக்கு வந்தது. கூடவே பெட்டியும் வந்தது. பச்சைப் பெயிண்ட் இரண்டு கோட் அடித்துப் பார்த்தாள். ஆனாலும் கண்காட்சிக்கு வந்தவர்கள், “மேரி டீச்சர் பெட்டி எங்கங்க?” என்றுதான் கேட்டார்கள். ஒவ்வொரு தடவையும் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். நான் பார்த்தேன்.

காடாம்புலியூரிலிருந்து முந்திரி வியாபாரம் கலியமூர்த்தி பெண் பார்க்க வந்தபோதும் பக்கத்தில்தான் இருந்தேன். “மைன்ஸ்காரங்களுக்கே மண்ணு எடுக்கக் கத்துக் குடுத்த டீச்சர்னு சொன்னாங்க. அது நீங்கதானா?” என்று ஆசையாகக் கேட்டார்.

தங்கராசு வாயைத் திறந்தான். தங்கை அவன் காலை மிதித்தாள்.

“நான்தாங்க” என்றாள்.

தை மாதம் கல்யாணம். மந்தாரக்குப்பத்தில் வாடகை வீடு எடுத்துப் போனார்கள். கல்யாணத்துக்கு பிளாக் முழுவதும் பத்திரிகை வைத்திருந்தாள். விழுப்புரத்துக்கு மட்டும் போகவில்லை.