பதினான்கு நாள் காற்று

வெள்ளிக்கிழமை காலையிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. துறைமுகத்தில் சட்டையைப் பிடித்து இழுக்கும் காற்று. நாலு மாதமாக அதே காற்றோடுதான் மல்லுக்கட்டுகிறேன்.

எங்கள் கம்பெனி காதில் மாட்டிப் பேசும் கருவி செய்கிறது. பொத்தான் அளவுதான், அதில் இரண்டு மைக். வெளியே போய்ப் பேசினால் காற்று மைக் துளையில் மோதி, எதிர்முனையில் லாரி ஓடுகிற மாதிரி கேட்கும். ரப்பர் தலை ஒன்றுக்கு அதை மாட்டி, ராட்சத மின்விசிறி முன்னால் வைத்துச் சோதிப்போம். தலைக்கு மொட்டை என்று பெயர். மேலாளருக்கு நாங்கள் வைத்த பெயர் ‘இப்பவே’. எதைக் கேட்டாலும் இப்பவே வேண்டும்.

பஞ்சு வைத்தேன், வலை வைத்தேன், துளையை இடம் மாற்றினேன். தலைகீழாக நின்றும் இரைச்சல் போகவில்லை. கடைசியில் மென்பொருளில் ஒரு விதி எழுதினேன்: காற்று அடிப்பது தெரிந்தால், தொண்டை அதிர்வு இல்லாத சத்தம் எதுவாக இருந்தாலும் தூக்கி எறி. மனிதக் குரலில் அதிர்வு உண்டு, காற்றில் கிடையாது. மொட்டையின் வாயிலிருந்த ஸ்பீக்கரில் இப்பவேயின் குரலை ஓட்டினோம். சூறைக்காற்றிலும் கணீரென்று வந்தது. அன்று என்னைக் கையில் பிடிக்க முடியவில்லை.

என் அக்காவுக்கு இந்தக் கருவியை விட்டால் வேறு வழியில்லை. துறையில் கிரேன் ஓட்டுபவருக்குக் கீழிருந்து வாயாலேயே வழி சொல்வது அவள் வேலை. ஏற்று, இறக்கு, நிறுத்து. பதினோரு வருடம். போன வருடம் தொண்டையில் அறுவை நடந்து, குரல் போய் மூச்சு மட்டும் மிஞ்சியது. வாக்கிடாக்கியில் அந்த மூச்சு காற்றோடு காற்றாகிவிடும். வெள்ளிக்கிழமைச் சோதனையில், எங்கள் கருவியை மாட்டி அவள் சொல்வது கிரேன்காரருக்குக் கேட்டால் வேலை இருக்கும், கேட்காவிட்டால் கிடங்கில் உட்கார்ந்து சீட்டு கிழிக்க வேண்டியதுதான். நான் இருக்கேன் கவலைப்படாதே என்று அளந்துவிட்டேன். வீட்டுக்குள் மாட்டிப் பார்த்தபோது நன்றாகவே கேட்டது. வீட்டுக்குள் காற்று ஏது?

கருவியை அவளிடமே கொடுத்து, தினமும் துறையில் ஐந்து நிமிடம் காற்றைப் பதிவு செய்து அனுப்பு, பேச வேண்டாம் என்றேன். அனுப்பினாள். ஒவ்வொன்றையும் என் விதியில் போட்டுக் கேட்டேன். துளி சத்தமில்லை. தினமும் ‘அருமைக்கா’ என்று பதில் போட்டேன். பதினான்கு நாள், பதினான்கு அருமை.

இப்போது, வெள்ளிக்கிழமைச் சோதனையில், கிரேன் கொக்கியில் மணல் நிரப்பிய பீப்பாய் தொங்கியது. கீழே காதில் கருவியோடு அக்கா. மேலே கூண்டில் கிரேன்காரர். அவள் உதடு அசைவது எனக்குத் தெரிந்தது. பீப்பாய் அசையவில்லை. மறுபடி சொன்னாள். கழுத்து நரம்பு புடைத்தது. பீப்பாய் அப்படியே இருந்தது.

கிரேன்காரர் ஒலிபெருக்கியில், “ஒண்ணுமே கேக்கலயே. லைன் போச்சா?” என்றார்.

அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் குரலில் அதிர்வு ஏது? மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியிருக்கிறேன், வீட்டுக்குள் அக்கா இருக்கிறாள்.

மடிக்கணினியைத் திறந்தேன். பக்கத்தில் நின்ற மேலாளர் ‘இப்பவே’ என் தோளைப் பிடித்தார். காற்று சுத்தமாகப் போய்விட்டது, அதைத்தானே வாங்குகிறவர்களுக்குச் சொல்லியிருக்கிறோம், ஒருத்தர் குரலுக்காக இதில் கைவைக்காதே என்றார். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. அவர் கையைத் தட்டிவிட்டு விதியை அழித்தேன். என் நாலு மாதத்தில் மூன்று மாதம் அதோடு போயிற்று.

அக்கா வாயைத் திறந்தாள்.

“காத்து இரையுது,” என்றார் கிரேன்காரர். கொஞ்சம் நிறுத்தி, “ஆனா அக்காவும் இருக்காங்க. ஏத்துன்னு சொல்றாங்க,” என்றார்.

பீப்பாய் ஏறியது. அவள் நிறுத்து என்றதும் நின்றது. இறக்கு என்றதும் இறங்கி, தரையில் பூப்போல உட்கார்ந்தது. துறைமுக மேற்பார்வையாளர் சோதனைத் தாளில் கையெழுத்துப் போட்டார். ‘இப்பவே’ யாருக்கோ போன் செய்துகொண்டு தள்ளிப் போனார்.

மனசு மட்டும் அடங்கவில்லை. பேச வேண்டாம் என்றால் கேட்கிற ஆளா அவள்? விதியில் போடாத பழைய பதிவு ஒன்றை எடுத்தேன். ஒன்பதாவது நாள். இரைச்சலுக்கு நடுவே அவள் இருந்தாள்.

“தம்பி, யார்கிட்டயும் சொல்லல. வேலை போயிடும்னு பயமா இருக்குடா. ராத்திரில தனியா உக்காந்து கத்திப் பாக்கறேன், சத்தமே வரல.”

அதற்குக் கீழே என் பதில் இருந்தது: அருமைக்கா.

அக்கா கருவியைக் கழற்றிக்கொண்டே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். திரையைப் பார்த்தாள். அந்தப் பதிவுகளை விதியில் போட்டுத்தான் கேட்டேன், அவள் பேசியதை ஒரு நாளும் கேட்கவே இல்லை என்று சொன்னேன்.

கருவியை மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு அந்த மூச்சுக் குரலில், “நீ கேட்டுட்டுத்தான் அருமைன்னு போடறேன்னு நெனச்சேன்டா,” என்றாள். “இருந்தாலும் மறுநாளும் பேசினேன்.”