டிரைவர் கையில் ஒரு கோடி

தவசி ஆறு வருஷமாக வாட்ச்சைக் கட்டிக்கொண்டேதான் தூங்குகிறான். அதுவும் எப்படி? இடது கையைத் தலைமாட்டில் தூக்கிப் போட்டுக்கொண்டு, வகுப்பில் ஒண்ணுக்குப் போக அனுமதி கேட்கும் பிள்ளை மாதிரி. குளிக்கும்போதும் அந்தக் கை வாளிக்கு எட்டாத தூரத்தில் நீண்டிருக்கும். ஒற்றைக் கையால் மொண்டு ஊற்றிக்கொள்வான்.

"நானூறு ரூவா டூப்ளிகேட்டுக்கு இந்தப் பவுசா? கழட்டி அந்த மாடத்துல வச்சா என்ன, காக்காயா தூக்கிட்டுப் போவுது?" என்பாள் அவன் பெண்டாட்டி பாண்டியம்மாள்.

தவசி சிரித்துக்கொள்வான். தெருவில் அவனுக்கு 'டூப்ளிகேட் தவசி' என்று பேரே விழுந்துவிட்டது. அதற்கும் சிரிப்புதான். அந்தச் சிரிப்புக்குள் ஒரு பெருமை இருந்தது. ஏனென்றால் அந்த வாட்ச்சின் விலை ஒரு கோடியே எட்டு லட்சம். அது தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். ஒருவர் அதற்குச் சொந்தக்காரர் சண்முகராஜ். இன்னொருவன் அவருக்குப் பதினாலு வருஷமாகக் கார் ஓட்டும் தவசி.

கோடீஸ்வரர் வாட்ச் டிரைவர் கைக்கு வந்த கதை வேடிக்கையானது. சண்முகராஜ் குடும்பத்துக்குக் கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ், அதாவது தொழிற்சாலை. அண்ணன் தம்பி மூன்று பேர் சேர்ந்து நடத்துகிறார்கள். மூத்தவர் சுடலைராஜ், நடுவுள்ளவர் இசக்கிராஜா, கடைக்குட்டி சண்முகராஜ். அப்பா கண்ணை மூடும்போது, ஒருத்தன் வாங்குவதை மூன்று பேரும் வாங்க வேண்டும், இல்லாவிட்டால் ஒருத்தனும் வாங்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். அதனால் மூன்று வீட்டுக்கும் ஒரே மாதிரி வாசல், ஒரே கிரானைட், மூன்று வெள்ளைக் கார். ஒரு வீட்டில் பிரிட்ஜ் ரிப்பேரானால் மற்ற இரண்டு பிரிட்ஜுக்கும் ஆயுசு முடிந்தது என்று அர்த்தம். இந்த ஒற்றுமையை ஊரே மெச்சியது. ஊர் மெச்சிய அந்த ஒற்றுமைக்குள் சண்முகராஜ் மூச்சுமுட்டிக் கிடந்தார்.

அவருக்கு வாட்ச் என்றால் பைத்தியம். காரில் போகும்போது ஜெனீவா ஏலத்தைப் போனில் பார்த்துவிட்டு, "ஏலே தவசி, ஒரு வாட்ச் இருநூறு கோடிக்கு மேலே போயிருக்கு. நம்ம ஆபீஸை ஆளோட சேத்து வித்தாலும் அதோட முள்ளு வராதுலே" என்பார். வைரம் பதித்த வாட்ச்சுகளை அவர் மதிப்பதில்லை. "அதெல்லாம் பொம்பளையாளுக நகை. அசல்னா உள்ளே இருக்க மிஷின்தான்" என்பார். ஆப்பிரிக்காவுக்குத் தீப்பெட்டி அனுப்பிய வகையில் துபாயில் ஒரு கமிஷன் கைக்கு வந்தது. அண்ணன்மார் காதுக்கு அது போகாமல், பதேக் பிலிப் கம்பெனி வாட்ச் ஒன்றை வாங்கிவிட்டார். கிழமை, தேதி, மாதம், லீப் வருஷம், தேய்ந்து வளரும் நிலா, எல்லாம் தானாகவே மாறும். சாவி கொடுக்க வேண்டாம், கை ஆடினால் போதும், ஓடும். ஆனால் இரண்டு நாள் கையில் இல்லாவிட்டால் நின்றுவிடும். நின்றதை மறுபடி வரிசைப்படுத்துவது லேசில்லை. தப்பான நேரத்தில் தப்பாக அழுத்தினால் உள்ளே பல் முறியும். பிறகு சுவிட்சர்லாந்துக்குத்தான் அனுப்ப வேண்டும், யார் பொருள், எப்போது வாங்கியது என்று ஆயிரம் காகிதம் கேட்பார்கள்.

தானே கட்டிக்கொள்ளலாம்தான். ஆனால் முதலாளி கையில் கிடந்தால் விலை கேட்பார்கள். வீட்டில் வைத்தால் பெண்டாட்டி கோமதியம்மாள் வாயில் ரகசியம் ஒரு பொழுது தங்காது. டிரைவர் கையில் கிடந்தால்? டூப்ளிகேட் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். சண்முகராஜ் மூளைக்காரர்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மிக்சரும் அல்வாவும் வாங்கிக்கொண்டு தவசி வீட்டுக்கே வந்தார். பாண்டியம்மாள் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். எட்டாம் வகுப்புப் படித்த மகள் சத்யபிரியா மட்டும் ஒரு மூலையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

"உசுரே போனாலும் இது யாருதுன்னு சொல்ல மாட்டேன்னு புள்ள தலையில கை வச்சுச் சொல்லு" என்று சன்னமாகச் சொன்னார்.

தவசி மகள் தலையில் கை வைத்துச் சொன்னான். அந்தப் பிள்ளை, அப்பா என்னமோ விளையாடுகிறார் என்று சிரித்துவிட்டு எழுதப் போய்விட்டது.

அதிலிருந்து தவசிக்கு நடையே மாறிவிட்டது. ஒரு கோடியை நம்பிக் கையில் கட்டிவிட ஒரு மனிதர் இருக்கிறார் என்றால் சும்மாவா? தூத்துக்குடி துறைமுகத்துக்குப் போகும் நாளில், எட்டயபுரம் தாண்டியதும் பின்சீட்டிலிருந்து சண்முகராஜ் கையை நீட்டுவார். தவசி காரை ஓரங்கட்டி, வாட்ச்சைக் கழற்றிக் கொடுப்பான். திரும்பும்போது அதே இடத்தில் அது அவன் கைக்கு வந்துவிடும். "உன் கையிலதாம்லே இது நல்லா ஓடுது" என்பார். பெற்ற தகப்பன்கூட அவனிடம் இவ்வளவு பிரியமாகப் பேசியதில்லை. முதலாளி என்றழைத்தவன் அண்ணாச்சி என்று அழைக்க ஆரம்பித்ததும் அப்புறம்தான்.

போன ஐப்பசியில் சுடலைராஜின் பேரனுக்குக் காதுகுத்து. குடும்பத்துக்குப் பாத்தியப்பட்ட பத்திரகாளியம்மன் கோயிலில் பந்தி. தவசி குடும்பத்தோடு வந்திருந்தான். பாண்டியம்மாள் காய்கறி நறுக்கினாள், காலேஜில் படிக்கும் சத்யபிரியா வந்தவர்களுக்குச் சந்தனமும் கல்கண்டும் கொடுத்துக்கொண்டிருந்தாள். தவசி பந்தியில் சாம்பார் வாளியோடு வந்தான்.

இசக்கிராஜாவின் மகன் மந்திரமூர்த்தி சிங்கப்பூரிலிருந்து வந்திருந்தான். வாளி பிடித்த இடது கையை அவன் எட்டிப் பிடித்தான்.

"தவசியண்ணே, ஒரு நிமிஷம். இந்த வாட்ச்சைக் கழட்டுங்க."

"டூப்ளிகேட்டு தம்பி" என்றான் தவசி, பழக்க தோஷத்தில்.

அவன் விடவில்லை. இலையை விட்டு எழுந்து கையைக் கழுவி, தானே கழற்றித் திருப்பிப் பார்த்தான். பின்பக்கக் கண்ணாடி வழியாக உள்ளே சுழலும் தங்கத் தகட்டைப் பார்த்ததும் அவன் முகம் மாறியது.

"பெரியப்பா, இது அசல். நம்ம ஊர் விலைக்கு ஒரு கோடி."

பந்தி அப்படியே நின்றுபோனது. சுடலைராஜ் எழுந்து வந்தார். வார்த்தை அதிகம் பேசாத மனிதர்.

"ஏது தவசி இது?"

தவசி சண்முகராஜைப் பார்த்தான். அண்ணாச்சி எப்படியும் ஒரு வழி சொல்லுவார், மூளைக்காரர்தானே என்று தைரியமாகத்தான் பார்த்தான். சண்முகராஜ் பாயசத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

"அடப்பாவி, நீதானாலே அது? ஆறு வருஷத்துக்கு முன்னால நம்ம கெஸ்ட் ஹவுஸ்ல தங்கின பம்பாய் பார்ட்டி ஒரு வாட்ச்சைத் தொலைச்சுட்டுப் போனாரு அண்ணே. தேடாத இடமில்ல. அவிய மனசு கோணாம நான்தான் பேசிச் சமாளிச்சேன். இவன் கையிலயே கட்டிக்கிட்டு என் கூடவே சுத்தியிருக்கான், எனக்குத் தெரியலையே!"

தவசிக்கு வாளியைக் கீழே வைக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

சுடலைராஜுக்கு ஏதோ இடறியது. "என்கிட்ட ஏம்ல சொல்லல?" என்று தம்பியைக் கேட்டார். தம்பி என்னமோ முனகினார். சுடலைராஜ் ஒரு கணம் யோசித்துவிட்டு, "போலீசு கீலீசு வேண்டாம். அம்மன் இருக்கா. ரெண்டு பேரும் சூடம் அணைச்சுச் சத்தியம் பண்ணுங்க" என்றார்.

அதைக் கேட்டதும்தான் தவசிக்கு மூச்சு வந்தது. அண்ணாச்சி இந்த அம்மனுக்கு வருஷா வருஷம் காப்புக் கட்டி விரதம் இருக்கிறவர். வாயால் பொய் சொல்லிவிட்டார், சரி, பயத்தில் வந்த பொய். சூடத்தில் கை வைக்க மாட்டார். அந்த இடத்தில் உடைந்துபோய் உண்மையைச் சொல்லிவிடுவார் என்று நம்பினான்.

பூசாரி தட்டில் சூடத்தைக் கொளுத்தினார். சண்முகராஜ் நேராக வந்தார். "அந்த வாட்ச் பம்பாய்க்காரரோடது. இது சத்தியம்" என்று சொல்லி, உள்ளங்கையால் பொத்தென்று அணைத்தார்.

அடுத்த சூடம் தவசிக்கு. "நான் திருடல, தாயே" என்று அணைத்தான். அது உண்மை, அதனால் சுடவில்லை.

"திருடலேன்னா யாருது? யாரு குடுத்தா? அதைச் சொல்லு, நான் இருக்கேன்" என்றார் சுடலைராஜ். அவர் குரலில் இரக்கம்கூட இருந்தது.

தவசி கூட்டத்தில் மகளைத் தேடினான். சந்தனக் கிண்ணத்தைப் பிடித்தபடி அவள் நின்றாள். தலையில் அன்றைக்குக் காலையில் அவன் வாங்கிக் கொடுத்த பிச்சிப்பூ. சொல்லுங்கப்பா என்று அவள் கண் கெஞ்சியது. அவள் தலையை அவன் பார்த்தான், அந்தப் பூவைப் பார்த்தான். கை வைத்துச் சத்தியம் பண்ணிய தலை.

"சொல்ல முடியாது பெரியண்ணாச்சி."

அவ்வளவுதான். கூட்டம் தீர்ப்பு எழுதிவிட்டது. பார்த்தீங்களா, பார்த்தீங்களா என்று இலைக்கு இலை பேச்சுப் பரவியது. கோமதியம்மாள், அவன் வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய பழைய சேலைகளையெல்லாம் எண்ண ஆரம்பித்தாள். சுடலைராஜ் தம்பியிடம், "பம்பாய்க்காரருக்கு இதை ஒப்படைச்சிரு" என்று வாட்ச்சைக் கொடுத்தார். தவசியிடம் கார் சாவியை வாங்கிக்கொண்டார். ஆறு வருஷம் வெயில் படாத மணிக்கட்டு வெளுத்துத் தெரிந்தது. மற்றொரு கையால் அதை மூடிக்கொண்டே தவசி வெளியேறினான்.

வீட்டுக்கு வந்தும் வாய் திறக்கவில்லை. "திருடியிருந்தாலாவது எதுக்குத் திருடுனன்னு கேப்பேன். என்னத்தன்னு கேக்க?" என்று பாண்டியம்மாள் அழுதாள். சத்யபிரியா காலேஜுக்குப் போகவில்லை. பஸ்ஸில் ஏறினால் கேட்கிறார்கள் என்றாள். இருந்தும், தவசியின் வெட்கமில்லாத மனசு, வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் அண்ணாச்சியோ என்று எட்டிப் பார்த்தது.

நாலாம் நாள் காலையில் நிஜமாகவே வந்தார். காரில் வரவில்லை, ஆபீஸ் பையனுடைய பழைய ஸ்கூட்டரில் வந்தார். உள்ளே வந்து, கதவை ஒருக்களித்துவிட்டு, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். கண் சிவந்திருந்தது. தவசி எழுந்து நின்றான். பெரியண்ணாச்சியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், வா போகலாம் என்று கூப்பிடத்தான் வந்திருக்கிறார் என்று பட்டது. காப்பிக்குப் பால் வாங்கி வரச் சொல்ல வாயெடுத்தான்.

சண்முகராஜ் சட்டைக்குள்ளிருந்து ஒரு கைக்குட்டை முடிச்சை எடுத்துப் பிரித்தார்.

"நின்னு போச்சுலே" என்றார். "பம்பாய்க்கு அனுப்பியாச்சுன்னு அண்ணன்கிட்டச் சொல்லிட்டேன். பீரோவுல துணிக்குள்ள பொதிஞ்சு வச்சிருந்தேன். கிழமையும் நிலாவும் பழைய நாள்லயே நிக்குது. எனக்குப் பாக்க முடியல."

தவசி கையை நீட்டவில்லை.

"கோவிச்சுக்கிடாதே. அண்ணனுக்குத் தெரிஞ்சா ஆபீஸ் மூணாப் பிரிஞ்சிரும். எனக்கு வேற வழியில்ல. நீ புள்ள மேல சத்தியம் பண்ணுனவன், கொன்னாலும் சொல்ல மாட்டேன்னு எனக்குத் தெரியும்லா? அந்தத் தெம்புலதான் சூடத்தையே அணைச்சேன். சம்பளத்தை மாசாமாசம் வீட்டுக்கே கொண்டாந்து தாரேன். சரி பண்ணி வாங்கியாந்துருதேன், நீ இங்கனயே இருந்து கையில கட்டிக்கிட்டா போதும். உன்னை விட்டா நான் யாரைலே நம்புவேன்?"

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. பாண்டியம்மாளும் சத்யபிரியாவும் அடுப்படி வாசல் நிலைக்கு வந்துவிட்டார்கள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டார்கள் என்பது அவர்கள் முகத்தில் தெரிந்தது. சண்முகராஜ் அவர்களைக் கவனிக்கவில்லை. அவர் கண் முழுக்க வாட்ச் மேலேயே இருந்தது.

தவசிக்குத் திருட்டுப் பட்டம் வலித்தது பெரிதில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. பயத்தில் உளறிய மனிதரை ஒருநாள் மன்னித்துவிடலாம். இவர் பயந்து உளறவில்லை. இவன் நாணயம் எவ்வளவு பாரம் தாங்கும் என்று அளந்து பார்த்து, தாங்கும் என்று உறுதியான பிறகுதான் அதன்மேல் ஏறி நின்றிருக்கிறார்.

"அண்ணாச்சி, இது பம்பாய்க்காரரோட பொருளு."

"என்னலே பேசுதே?"

"அம்மன் முன்னால சூடம் அணைச்சு நீங்கதான சொன்னீங்க? அடுத்தவிய பொருளை நான் தொட மாட்டேன். அவிய வந்து கேட்டா குடுத்துருங்க."

சண்முகராஜ் அவனையே பார்த்தார். அப்புறம் நிலையில் நின்ற இரண்டு பெண்களையும் பார்த்தார். கைக்குட்டையை முடிந்து சட்டைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தார். ஸ்கூட்டர் இரண்டு உதையில் கிளம்பவில்லை, மூன்றாவதில் கிளம்பியது.

சத்யபிரியா அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "எனக்காகவாப்பா வாயை மூடிக்கிட்டு நின்னீக? சொல்லியிருந்தா எனக்கு ஒண்ணும் ஆயிருக்காதுப்பா."

"ஆயிருக்காதுன்னு எனக்கும் தெரியும் தாயி. அவரும் ஒண்ணும் ஆவாதுன்னுதான் சூடத்தை அணைச்சாரு. அதையே நானும் செய்யவா?"

அவ்வளவு சொன்ன பிறகுதான் தவசி அழுதான். போன வேலைக்காக இல்லை, போன பேருக்காகவும் இல்லை. அந்த மனிதரைத் தன்னுடைய ஆள் என்று நினைத்துக்கொண்டு பதினாலு வருஷம் வண்டி ஓட்டினோமே என்று, மகளும் பெண்டாட்டியும் பார்த்துக்கொண்டிருக்க, வாய்விட்டு அழுதான்.