வந்த கூளிங்களை அனுப்புறது எப்படி

வீட்டுல எல்லாரும் அவளை வாயாடின்னுதான் கூப்பிடுவாங்க. அந்த வாய்க்குத்தான் கார்ட்டூன் படத்துல சூனியக்காரப் பொண்ணுக்குக் குரல் கொடுக்கிற வேலை கிடைச்சுது. இப்போ ஊரே தூங்குற நேரத்துல அந்த வாய் ஒட்டிப்போய், சமையலறை வாசல்ல நிக்குது.

உள்ளே அண்ணி. கடைசி டிரிப் முடிச்சு வந்து, கண்டக்டர் சட்டையைக்கூட மாத்தாம சாப்பிட்டுக்கிட்டிருந்தா.

"என்னடி, தூங்கலையா?"

"சொல்றேன். சிரிக்கக் கூடாது அண்ணி."

"சிரிக்கத் தெம்பு எங்கடி இருக்கு? சொல்லு."

கொட்டித் தீர்த்துட்டா. படத்துல அந்தப் பொண்ணு பேய்ங்களைக் கூப்பிடுற இடம். அவ உதடு குவியுது. பேய்னு சொன்னா உதடு ஒட்டும், படத்தோட பொருந்தாது. அதனால வசனம் எழுதினவர் எங்கேயோ தேடி ஒரு பழைய வார்த்தையைப் பிடிச்சுப் போட்டிருந்தார்: 'கூளிகளே, வாங்க.' ரெக்கார்டிங் அண்ணன் லேசுல விடல. "நாக்கை மேல மடிச்சு 'ளி' சொல்லும்மா. 'கூலி'ன்னா அதுங்க சம்பளம் கேட்டு வந்து நிக்கும்." இருட்டு ரூம்ல தனியா நின்னு, நாக்கு சுளுக்குற வரைக்கும் கூப்பிட்டா. சரியா வந்ததுக்கு அப்புறம்தான் அர்த்தம் கேட்டா. போர்க்களத்துல பிணத்தைச் சுத்திக் கூட்டமாத் திரியுற குட்டைப் பேய்ங்களாம்.

"அத்தனை தடவை கூப்பிட்டுட்டேன் அண்ணி. திருப்பி அனுப்ப வசனமே இல்ல. படத்துல ஹீரோ வெட்டிடுவான். இங்க யாரு வெட்டுறது? நாளைக்கு நான் போகலன்னா வேற பொண்ணைப் போட்டுடுவாங்க. ஆனா பாத்ரூம் போகவே பயமா இருக்கு."

அண்ணி சிரிக்கல. கையைக் கழுவிட்டு வந்தா.

"கூப்பிட்டது நாம. மரியாதையா அனுப்பிடுவோம். போயிட்டு வா…"

வாயாடி பாய்ஞ்சு அவ வாயைப் பொத்திட்டா.

'வா'ன்னு சேர்க்காம யாரை வழியனுப்பிப் பழக்கம்? வெறும் 'போ'ன்னா அதுங்களுக்குக் கோபம் வந்துட்டா?

"இரு"ன்னா அண்ணி. ஆணியில தொங்கின டிக்கெட் பையைத் தோள்ல மாட்டினா. வாசக்கதவைத் தெறந்தா. உள்ளே தூங்குற அண்ணன் எழுந்துக்கப் போறானேன்னு விசிலை மெல்லமா ஊதினா.

"கடைசி ஸ்டாப். கூளி எல்லாரும் இறங்குங்க. எதையும் விட்டுட்டுப் போகாதீங்க."

ரொம்ப நேரம் கதவைப் பிடிச்சுக்கிட்டே நின்னா.

"இன்னும் என்ன அண்ணி?"

"குட்டைன்னியே. படி இறங்க நேரமாகும்ல."

அப்புறம் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டா. "நீ பாத்ரூம் போயிட்டு வா. இங்கயேதான் நிப்பேன்."

அந்த 'வா' வாயாடிக்கு எப்படி இனிச்சுதுன்னு சொல்ல முடியாது. நன்றின்னு சொன்னா அண்ணி குட்டுவா. அதனால திரும்பி வந்ததும், யாரும் சொல்லாமயே அண்ணி சாப்பிட்ட தட்டைக் கழுவி வெச்சா. அந்த வீட்டுல அது ஹீரோ பேயை வெட்டினதைவிடப் பெரிய அதிசயம்.

மறுநாள் அடுத்த காட்சியில 'கூளிகளே' முதல் தடவையே மணி மாதிரி வந்துது. வேலை முடிஞ்சதும் அவ கதவைத் தெறந்து பிடிச்சுக்கிட்டு நின்னா.

"யாரும்மா வரணும்?"னார் ரெக்கார்டிங் அண்ணன்.

"யாரும் வரல அண்ணா. இறங்குறாங்க. கொஞ்சம் குட்டை, அதான்."